ஆரம் இரண்டு

கிண்டி மெட்ரோவில் என் பையைத் திரையில் பார்த்த காவலர்
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
"உள்ள என்னம்மா, இரும்பா?"
அச்சு சார்.
"எதுக்கு?"
உடைஞ்சுபோச்சு.
கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் விட்டுவிட்டார்,
பின்னால் வரிசை நீண்டிருந்தது.

இருபத்தைந்து மில்லிமீட்டர் முப்பதாகப் பருக்கும் இடம்.
அங்கேதான் இரண்டாகியிருந்தது.
நேற்று மாலை, கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிப்போன மைதானத்தில்
எபனேசர் வண்டியை எட்டு போட்டுக்கொண்டிருந்தான்.
டக்.
எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்,
யாராவது வந்து இது கனவு என்று சொல்வார்கள் என்பதுபோல.

ஐந்தாம் செமஸ்டரில் இயந்திர உறுப்பு வடிவமைப்பு.
தேர்வறைக்குள் தரவுப் புத்தகம் கொண்டுபோகலாம்.
பார்த்துதானே எழுதப்போறீங்க என்பாள் பி.காம் படிக்கும் தங்கை.
எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதல்லவா பாடம்.
தகைவுச் செறிவுக்கு ஒரு வளைகோடு உண்டு,
இடப்பக்கம் போகப்போகச் செங்குத்தாக ஏறும்:
மூலையின் ஆரம் சுழியை நெருங்க
தகைவு கூரையை முட்டும்.
பதின்மூன்று மதிப்பெண் கேள்வி.
பதின்மூன்றும் வாங்கினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்,
கரண்ட் போய் வந்த மதியம்.
லேத்தில் நின்ற தணிகாசலம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த மூலைக்கு ரேடியஸ் டூல் தீட்டணும். நாளைக்குத்தான் ஆகும்.
நேர் மூலைன்னா இப்பவே."
திங்கள் முதல் ஓட்டம்.
அவரிடமே பேனா வாங்கி
ஆர்-2 என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன்.
கட்டைவிரல் அகலம்கூட இருக்காது அந்தக் கோடு.

நங்கநல்லூர் தாண்டியதும் பெட்டிக்குள் வெயில் விழுந்தது.
அச்சை எடுத்து உடைந்த முகத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி
வளைவு வளைவாக வரிகள்.
கடற்கரைக் கோடுகள் என்றுதான் பாடத்திலும் பெயர்.
பெசன்ட் நகரில் அலை உள்வாங்கிய பிறகு
ஈர மணலில் நிற்குமே, அவைதான்.
வரிக்கொரு மாலை.
இந்த வரி, எபனேசர் முதல்முறை நாற்பது தொட்டுக் கத்திய வியாழன்.
பஃப்ஸ் வாங்கித் தின்றோம் அன்றைக்கு.
விரிசல் மயிரிழை அளவு உள்ளே வந்திருந்தது.

கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம்.
பாரிமுனையில் பில் போடாமல் வாங்கிய கம்பி என்றான் ரிஸ்வான்.
அவனிடம் பணம் கொடுத்து பில் வேண்டாம் என்ற தேவசகாயம்
பேரிங்கைச் சந்தேகித்தான்.
பாதுகாப்புக் காரணி இரண்டரை வைத்தோமே என்று
கரும்பலகையில் முதலிலிருந்து மறுபடி போட்டார்கள்.
கணக்கு சரியாகவே வந்தது.
தெரியாமல் நடப்பதற்குத்தான் அந்த இரண்டரை.
தெரிந்தே செய்ததற்கு
எந்த அட்டவணையிலும் எண் இல்லை.

கிரீஸ் படிந்த அந்தத் தாளை மேசையில் விரித்தேன்.
வரைந்தவர் கட்டத்தில் நான்.
சரிபார்த்தவர் கட்டத்தில் முபீனா.
அவள் கோட்டைப் பார்த்தாள், தன் கையெழுத்தைப் பார்த்தாள்.
"இத நீ எப்ப போட்ட? நான் பாக்கறதுக்கு முன்னாடியா?"
அப்புறம்.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."
வேறெதுவும் சொல்லவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு திருத்தம் இரண்டு.
அச்சுக்குக் கழுத்து உண்டு, தோளும் உண்டு,
இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆரம்.
தமிழில் படித்திருந்தால் மறந்திருக்க மாட்டேனோ என்னவோ.
மாற்றத்தின் காரணம் என்ற பத்தியில்
'வடிவமைப்பு மேம்பாடு' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'மூலை ஆரம் என்னால் நீக்கப்பட்டது. மீண்டும் சேர்க்கப்படுகிறது.'
முபீனா இந்தமுறை அளவு அளவாக விரல் வைத்துப் படித்தாள்,
நாற்பத்தொரு அளவுகள்,
ஒன்றையும் விடவில்லை.

தணிகாசலம் புதுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"டூல் தீட்டணும். நாளைக்குத்தான் ஆகும்."

சரிங்க.